அத்தியாயம் 6: உப்புக்காற்றும் எரிவாயுவும்

மோட்டாரை வரைவதற்கு முன்னால், அதைச் சுற்றி நிற்கப்போகும் காற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எத்தனை கிலோவாட், எத்தனை சுற்று, எந்த ஃப்ரேம் என்பதெல்லாம் பிறகு வரும் கேள்விகள். எந்த வாயு கசியக்கூடும், எவ்வளவு நேரம் அது அங்கே தங்கும், மேலே போகுமா கீழே படியுமா, அந்த இடத்தின் உச்ச வெப்பம் எவ்வளவு என்ற நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே பென்சிலை எடுக்க வேண்டும். “ஃபிளேம்புரூஃப் மோட்டார், 15 கிலோவாட், 1 எண்” என்று ஒரே வரியில் வரும் கொள்முதல் தாளை வைத்து ஒரு கனமான இரும்புப் பெட்டியைச் செய்து அனுப்பலாம். அது பாதுகாப்பாக ஓடுமா என்று அந்தத் தாள் சொல்லாது.

இதைக் கற்க டெல்டா கடற்கரையில் காரைக்காலைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் வங்கக்கடல், சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பு. இந்தச் சிறு நிலத்துக்குள் பல வகை ஆபத்துக் காற்று இருக்கிறது. காவிரிப் படுகையின் முதல் ஆழ்கிணறு 1964-இல் இங்கேதான் தோண்டப்பட்டது. ஓஎன்ஜிசியின் காவிரிப் பிரிவு இன்றும் காரைக்காலிலிருந்தே இயங்குகிறது. திருமலைராயன்பட்டினம் பகுதியில் இயற்கை எரிவாயுவில் ஓடும் 32.5 மெகாவாட் மின் நிலையம் இருக்கிறது. வாஞ்சூரில் 2009 முதல் நிலக்கரி இறங்கும் துறைமுகம், அதன் அருகே காஸ்டிக் சோடாவும் எத்திலீன் டைகுளோரைடும் தயாரிக்கும் கெம்பிளாஸ்ட் சன்மார் ஆலை. எல்லை தாண்டித் தெற்கே போனால் 1993-இல் தொடங்கிப் பின்னர் இயக்கம் நிறுத்தப்பட்ட பனங்குடி சுத்திகரிப்பு ஆலையின் இடம். மீன்பிடித் துறைமுகங்கள் உள்ள ஊர்களில் ஐஸ் ஆலைகளின் அம்மோனியாவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இவை எல்லாவற்றின் மேலும் ஆண்டு முழுவதும் உப்புக்காற்று வீசுகிறது.

மூன்று வாயு, மூன்று குழு

உப்புநீரை மின்னாற்பகுத்துக் காஸ்டிக் சோடா எடுக்கும்போது ஒரு பக்கம் குளோரினும் மறுபக்கம் ஹைட்ரஜனும் வெளிவரும். குளோரினை எத்திலீனோடு சேர்த்தால் எத்திலீன் டைகுளோரைடு. எரியக்கூடிய மூன்று பொருள்கள் ஒரே தொழிலுக்குள் வந்துவிட்டன. வாயுக் குழுக்களைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

25 மில்லிமீட்டர் அகலமுள்ள இரண்டு உலோக விளிம்புகளை எதிரெதிரே வைத்து, அவற்றுக்கு நடுவே எவ்வளவு குறுகிய சந்து விட்டால் உள்ளே எரியும் தீ வெளியே உள்ள வாயுவைப் பற்றவைக்காது என்று ஒவ்வொரு வாயுவுக்கும் சோதித்து அளந்திருக்கிறார்கள். எத்திலீன் டைகுளோரைடுக்கு 1.8 மி.மீ., எத்திலீனுக்கு 0.65 மி.மீ., ஹைட்ரஜனுக்கு 0.29 மி.மீ. இந்த அளவு 0.9-க்கு மேல் இருந்தால் ஐஐஏ குழு, 0.5-க்கும் 0.9-க்கும் இடையில் ஐஐபி, 0.5-க்குக் கீழே ஐஐசி. ஆக நம் மூன்று பொருள்களும் ஆளுக்கொரு குழு. இவை ஆய்வுக்கூட எல்லைகள். மோட்டாரில் அனுமதிக்கப்படும் இடைவெளி இவற்றைவிட மிகவும் சிறியது; உறையின் கொள்ளளவும் சந்தின் நீளமும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கும்.

ஐஐசி மோட்டாரை மூன்று இடத்திலும் வைக்கலாம். ஐஐஏ மோட்டாரை ஹைட்ரஜன் கம்ப்ரஸரில் வைக்கக் கூடாது. மூன்று குழு மோட்டார்களையும் ஒரே கிடங்கில் வைத்திருக்கும் ஆலையில், இரவுப் பணியில் அவசரமாக மோட்டார் மாற்றும்போது பெயர்த்தகட்டைச் சரியாகப் படிக்காமல் எடுத்துப் பொருத்திவிடும் வாய்ப்பு உண்டு. கொஞ்சம் அதிக விலையானாலும் அந்தப் பகுதி முழுவதற்கும் ஐஐசி-யே வாங்கிவிடுங்கள் என்பேன். மனிதக் கவனம் ஓயும் நேரத்தையும் சேர்த்துத்தான் வடிவமைக்க வேண்டும்.

எடையும் முக்கியம். ஹைட்ரஜன் மேலே போய்க் கூரையின் மூலையில் தேங்கும். எத்திலீன் ஏறத்தாழக் காற்றின் எடைதான், வீசும் பக்கம் போகும். எத்திலீன் டைகுளோரைடின் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம். வாய்க்காலிலும் கேபிள் குழியிலும் பம்ப் அடித்தளத்துப் பள்ளத்திலும் படியும். எந்த இடம் ஜோன் 1, எந்த இடம் ஜோன் 2 என்று ஆபத்துப் பகுதிகளைப் பிரித்து வரையும்போது இதை மறந்தால், தரைமட்டத்துக்குக் கீழே உள்ள சம்ப் பம்பின் மோட்டார்தான் முதலில் ஆபத்தில் மாட்டும்.

வெப்பவகுப்பு தனிக் கணக்கு. ஹைட்ரஜனைக் குறுகிய சந்தால் மட்டுமே தடுக்க முடியும், ஆனால் அது தானாகப் பற்ற சுமார் 560 டிகிரி செல்சியஸ் வேண்டும்; எனவே டி1. பெட்ரோல் ஆவிக்கு அகலமான சந்தே போதும், ஐஐஏ. ஆனால் அது 300 டிகிரிக்குக் கீழேயே பற்றிக்கொள்ளும். எனவே டி3, அதாவது மோட்டாரின் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டக் கூடாது. கச்சா எண்ணெயோடு வரக்கூடிய ஹைட்ரஜன் சல்ஃபைடும் டி3-தான். “ஐஐசி வாங்கிவிட்டோம், எல்லாவற்றுக்கும் போதும்” என்ற எண்ணம் இங்கேதான் தவறும். ஐஐசி டி1 என்று பொறித்த மோட்டார் பெட்ரோல் பம்புக்கு உதவாது.

கோட்டுக்கு வெளியே

ஜோன் வரைபடத்தைப் பற்றிப் பேசும்போது ஜெய்ப்பூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2009 அக்டோபர் 29 மாலை, சீதாபுராவில் இந்தியன் ஆயில் கிடங்கில் வால்வு வேலையின்போது பெட்ரோல் பீறிட்டது. சுமார் 75 நிமிடம் அது நிற்கவில்லை. ஆவி மேகம் கிடங்கு முழுவதும் பரவிப் பின் வெடித்தது; 11 பேர் உயிரிழந்தார்கள். எம்.பி.லால் தலைமையிலான விசாரணைக் குழு, தீப்பொறி எங்கிருந்து வந்தது என்று உறுதியாகக் கண்டறிய முடியவில்லை என்றது. வளாகத்தில் ஃபிளேம்புரூஃப் அல்லாத மின்கருவி ஒன்று, அல்லது கிளப்பப்பட்ட ஒரு வாகனம் காரணமாக இருக்கலாம் என்றது.

ஜோன் எல்லையை வழக்கமான கசிவுக்குத்தான் வரைகிறோம். பெருங்கசிவில் ஆவி அந்தக் கோட்டைப் பார்த்து நிற்பதில்லை. அதனால் கோட்டுக்குச் சற்று வெளியே உள்ள மோட்டார்களையும், குறிப்பாகக் காற்று வீசும் திசையில் தாழ்வாக இருக்கும் குடிநீர் பம்ப், தீயணைப்பு ஜாக்கி பம்ப், ஏசி கம்ப்ரஸர் ஆகியவற்றையும் ஒரு பட்டியலிடுங்கள். அவற்றில் எதை வாயு கண்டறிவான் ஒலித்தவுடன் தொலைவிலிருந்து நிறுத்த முடியும், எதை நிறுத்தக் கூடாது என்று பிரியுங்கள். நிறுத்தக் கூடாதவற்றுக்கு, வரைபடத்தில் “பாதுகாப்பான பகுதி” என்றிருந்தாலும், ஜோன் 2-க்குத் தகுந்த மோட்டாரே கேளுங்கள்.

உள்ளே வெடிக்கும், வெளியே வராது

ஃபிளேம்புரூஃப் உறை வாயுவை உள்ளே விடாது என்று பலர் நம்புகிறார்கள். விடும். மோட்டார் சூடாகி ஆறும்போதெல்லாம் மூச்சு வாங்கி விடும். வெளியே இருக்கும் வாயு உள்ளே வரும். உள்ளே வைண்டிங் பழுதாகிப் பொறி பறந்தால் அது வெடிக்கவும் செய்யும். உறை இரண்டு வேலை செய்ய வேண்டும்: வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும், சந்து வழியே வெளியேறும் சூடான வாயுவை வெளிக்காற்று பற்றாத அளவுக்கு ஆற்றி அனுப்ப வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷன் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் கார்ல் பெய்லிங் என்ற பொறியாளர் உறைகளுக்குள் மீத்தேனைப் பற்றவைத்துப் பார்த்துக் கண்டறிந்த உண்மை இது. இன்று தன்பாத்தில் உள்ள மத்திய சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டு மோட்டார்களை அதே முறையில்தான் சோதிக்கிறது: உறைக்குள் வாயுக் கலவையை நிரப்பிப் பற்றவைக்கிறார்கள்.

மோட்டாருக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. வெறும் பெட்டி என்றால் ஒரே அறை. மோட்டாரில் இரண்டு பக்கமும் வைண்டிங் முனைகள் இருக்கும் இரண்டு அறைகள். நடுவே ஸ்டேட்டாருக்கும் ரோட்டாருக்கும் இடையிலான மெல்லிய காற்று இடைவெளி. டிரைவ் பக்க அறையில் பற்றிய தீ, எரியாத கலவையை அந்த இடைவெளி வழியே மறுபக்கம் தள்ளும். அங்கே அது முதலில் அழுந்திப் பிறகு பற்றும். அழுந்திய வாயு வெடித்தால் அழுத்தம் பல மடங்கு உயரும். இதை அழுத்தக் குவிப்பு என்கிறோம். இதைத் தணிக்க இரண்டு அறைகளையும் இணைக்கும் வழியைத் தாராளமாக விடலாம், அறைகளின் வெற்றிடத்தைக் குறைக்கலாம், தேவையற்ற தடுப்புகளை எடுத்துவிடலாம். டெர்மினல் பாக்ஸை இதனோடு சேர்க்காதீர்கள். புஷிங் வைத்து முழுமையாகப் பிரித்து, அதைத் தனி உறையாகவே கணக்கிடுங்கள். சோதனையில் எந்த முனையில் பற்றவைத்தார்கள், எங்கே அழுத்தம் அளந்தார்கள் என்று அறிக்கையில் பாருங்கள். ஒரே முனையில் மட்டும் அளந்திருந்தால் கேள்வி கேளுங்கள்.

அடுத்தது தண்டு. மூடிய உறையிலிருந்து சுழலும் தண்டு வெளியே வர வேண்டும். அங்கே சந்து இல்லாமல் முடியாது. உருளும் பேரிங் உள்ள மோட்டாரில் இந்த ஆர இடைவெளி 0.05 மில்லிமீட்டருக்குக் குறையவும் கூடாது, அனுமதித்த உச்ச இடைவெளியின் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டவும் கூடாது. பேரிங் தேய்ந்து தண்டு ஒரு பக்கமாக இறங்கினால், ஒரு பக்கம் உராய்ந்து சூடேறும், மறுபக்கம் சந்து அகலும். ஆகவே இங்கே பேரிங்கைப் பாதுகாப்பின் பகுதியாகவே நடத்துங்கள். பெல்ட் இழுவை உள்ள இடத்துக்கு ரோலர் பேரிங் கேளுங்கள், கிரீஸ் இடும் கால அட்டவணையை மோட்டாரின் உடலிலேயே பொறிக்கச் சொல்லுங்கள்.

சந்தின் முகப்பு 6.3 மைக்ரோமீட்டருக்கு மேல் கரடாக இருக்கக் கூடாது. மரையிட்ட மூடியில் குறைந்தது ஐந்து மரை பிடிக்க வேண்டும். போல்ட் துளை உறையின் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடக் கூடாது. இவை எல்லாம் ஐஎஸ்/ஐஇசி 60079-1 தரத்தில் விரிவாக இருக்கின்றன. தொழிற்சாலை வரைஞர் இவற்றைத் தவறவிடுவதில்லை. தவறவிடுவது நிறுவுகிற இடத்தில்தான். தட்டை விளிம்புச் சந்துக்கு நேர் எதிரே சுவரோ குழாயோ இருந்தால், வெளியேறும் வாயு ஆறுவதற்கு இடம் கிடைக்காது. ஐஐஏ-க்கு 10 மி.மீ., ஐஐபி-க்கு 30 மி.மீ., ஐஐசி-க்கு 40 மி.மீ. இடம் விட வேண்டும். இந்த மூன்று எண்களை நிறுவல் வரைபடத்தின் ஓரத்தில் பெரிதாக எழுதிவையுங்கள்.

அக்னி நட்சத்திரத்துக்கு ஒரு கணக்கு

பெயர்த்தகட்டில் சுற்றுப்புற வெப்பம் எதுவும் சொல்லப்படவில்லை என்றால், அந்த மோட்டார் மைனஸ் 20 முதல் 40 டிகிரி வரைக்கு மட்டும் சான்று பெற்றது என்று பொருள். மே மாதத்துக் காரைக்காலில் நிழலிலேயே அந்த எல்லையை நெருங்கும். இரும்பு மேடையில், நீராவிக் குழாய்க்குப் பக்கத்தில், நேர் வெயிலில் நிற்கும் மோட்டாரைச் சுற்றிய காற்று அதைத் தாண்டும். 50 டிகிரிக்குச் சான்று கேளுங்கள். எஃப் வகுப்பு இன்சுலேஷன் போட்டு, வெப்ப உயர்வைப் பி வகுப்பு அளவிலேயே நிறுத்துங்கள்: 40 டிகிரிச் சூழலில் 80 கெல்வின் என்பது 50 டிகிரிச் சூழலில் 70 ஆகும். ஃப்ரேம் ஒரு அளவு பெரிதாகும். அந்தச் செலவைச் செய்யத் தயங்க வேண்டாம். வைண்டிங் ஆயுளும் அதில் நீளும்.

ஃபிளேம்புரூஃப் வகையில் உறையின் வெளிப்பரப்பைத்தான் வெப்பவகுப்புக்குக் கணக்கிடுவோம். அதிகப் பாதுகாப்பு என்ற ‘ஈ’ வகையில் வாயு உள்ளேயே உலவும். அங்கே வெடிப்பைத் தாங்கும் உறை கிடையாது. அதனால் ரோட்டார் உட்பட உள்ளே உள்ள எல்லாப் பரப்பும் எல்லைக்குள் இருக்க வேண்டும். ரோட்டார் சிக்கிக்கொண்டால் சில விநாடிகளில் எல்லை தாண்டிவிடும். முழுச் சுமையில் சூடாக ஓடிய நிலையிலிருந்து, ரோட்டார் நின்றுபோன பிறகு எல்லை வெப்பத்தைத் தொட ஆகும் நேரத்தை ‘டிஇ’ நேரம் என்பார்கள். 5 விநாடிக்குக் குறைவாக இருக்கக் கூடாது. ஓவர்லோடு ரிலே அதற்குள் மின்சாரத்தை வெட்ட வேண்டும். மோட்டாரை ஒருவரும் ரிலேயை இன்னொருவரும் தனித்தனியே வாங்கும் வழக்கம் இங்கே ஆபத்தானது. ரிலேயின் வளைகோட்டையும் மோட்டாரின் டிஇ நேரத்தையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்காமல் ஒப்புதல் தராதீர்கள்.

வேகக் கட்டுப்பாட்டுக்கு டிரைவ் போடுவதாக இருந்தால் சான்றிதழிலேயே அந்த டிரைவ் பற்றிய நிபந்தனை இருக்க வேண்டும். மெதுவாக ஓடும்போது மோட்டாரின் சொந்த விசிறி போதிய காற்று தராது. வைண்டிங்கில் தெர்மிஸ்டர் வைத்து அதை டிரிப்போடு இணையுங்கள். தண்டு வழியே ஓடும் மின்னோட்டம் பேரிங்கில் பொறியாகும், அதனால் ஒரு பக்கமாவது காப்பிட்ட பேரிங் வேண்டும்.

உப்பு செய்யும் வேலை

தீச்சந்தின் உலோக முகப்புக்குப் பெயிண்ட் அடிக்கக் கூடாது. பெயிண்ட் இல்லாத இரும்பைக் கடற்காற்று விட்டுவைக்காது. வழி என்னவென்றால், சான்றிதழ் அனுமதிக்கும் உறையாத, அமிலமற்ற கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுவது. சிலிகான் சீலன்ட், எம்-சீல், நூல் சுற்றுவது, கடையில் வாங்கிய ரப்பர் கேஸ்கெட் ஆகியவற்றில் எதுவும் அந்தச் சந்துக்குள் போகக் கூடாது. ஃபிளேம்புரூஃப் என்பது நீர்புகாமை ஆகாது. ஐபி55 அல்லது ஐபி56 தனியாகக் கேட்க வேண்டும். அதற்கான ஓ-ரிங்கைத் தீச்சந்தின் நீளத்துக்குக் கணக்கில் வராத இடத்தில் வடிவமைப்பிலேயே சேர்க்க வேண்டும்.

துருப்பிடிக்கிறதே என்று போல்ட்டுகளைப் பிறகு துருப்பிடிக்காத எஃகு (எஸ்எஸ்) ஆக மாற்றுவது இந்தக் கரையில் அடிக்கடி நடக்கிறது. வெடிப்பழுத்தத்தைத் தாங்கச் சோதித்தது அதிக வலிமையுள்ள எஃகு போல்ட்டாக இருந்து, மாற்றியது வலிமை குறைந்த எஸ்எஸ் ஆக இருந்தால் சான்றிதழுக்கு அர்த்தமில்லை. எஸ்எஸ் வேண்டும் என்றால் அதை வைத்தே சோதனைக்கு அனுப்புங்கள்.

விசிறி மூடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மெல்லிய தகடு மூடி இரண்டு மழைக்காலத்தில் துருவேறி வளையும். உள்ளே அலுமினிய விசிறி. துருப்பிடித்த இரும்பின் மேல் அலுமினியம் மோதினால் சாதாரணப் பொறியைவிடப் பன்மடங்கு வெப்பமான பொறி வரும், ஏனென்றால் அலுமினியம் துருவிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கி எரிகிறது. விசிறிக்கும் மூடிக்கும் இடையில் விசிறி விட்டத்தின் நூறில் ஒரு பங்கும், குறைந்தது 1 மில்லிமீட்டரும் இருக்க வேண்டும் என்கிறது தரம். இந்தக் கரைக்கு நான் அதைவிடக் கூடுதலாக விடுவேன், மூடியை வார்ப்பிரும்பிலும் விசிறியை நிலைமின் தேங்காத பிளாஸ்டிக்கிலும் கேட்பேன்.

ஐப்பசி, கார்த்திகையில் நின்றுபோன மோட்டாருக்குள் ஈரம் வியர்க்கும். அதற்கு ஸ்பேஸ் ஹீட்டர். மோட்டார் நின்றதும் அது எரிய வேண்டும், ஓடியதும் அணைய வேண்டும், அதன் மேற்பரப்பும் வெப்பவகுப்புக்குள் அடங்க வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் டெர்மினல் பாக்ஸில் ஹீட்டரின் மின்சாரம் இருக்கும். மூடியின் மேல் தமிழில் எச்சரிக்கை எழுதிவையுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகு டெல்டாவின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஹீட்டர் அணைந்து கிடந்த மோட்டாரை மின்சாரம் வந்ததும் ஓட்டக் கூடாது. மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்க்க வேண்டும். மெக்கரே பொறி தரக்கூடிய கருவி. வாயு இல்லை என்று அளந்து, அனுமதிச் சீட்டு எழுதிய பிறகே அதைக் கையிலெடுக்க வேண்டும்.

நிலக்கரித் தூசு

துறைமுகக் கன்வேயருக்கு ஃபிளேம்புரூஃப் மோட்டார் கேட்பது தவறான கேள்வி. தூசுக்குத் தனி வகை உண்டு: தூசு புகாத ‘டி’ வகை உறை. அதற்குத் தனிக் குழுக்கள். நிலக்கரி பெரும்பாலும் ஐஐஐபி. வெப்ப எல்லைக்கு இரண்டு கணக்குப் போட வேண்டும். தூசு மேகம் பற்றும் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஒன்று. 5 மில்லிமீட்டர் படிவு கனலத் தொடங்கும் வெப்பத்தில் 75 டிகிரி கழித்தது இன்னொன்று. உதாரணமாக மேகம் 600-இலும் படிவு 250-இலும் பற்றும் என்றால் முதல் கணக்கு 400, இரண்டாவது 175. குறைந்ததையே எடுக்க வேண்டும். கடலோரத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்த கரித்தூசு சேறாக விலாத்தகடுகளுக்கு இடையே ஒட்டிக் காயும். 5 மில்லிமீட்டரை எளிதில் தாண்டும். அதனால் ஆழமான, நெருக்கமான விலாக்கள் வேண்டாம். அகன்ற, கழுவ எளிதான விலாக்கள் போதும்.

பிரிக்கப்போகிற கை

எண்ணெய்க் கிணற்றுப் பகுதி சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகமான டிஜிஎம்எஸ் பார்வையில் வருகிறது. பெட்ரோலியக் கிடங்கும் சுத்திகரிப்பும் நாக்பூரில் தலைமையகம் கொண்ட பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் பார்வையில் வருகின்றன. மோட்டார் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டு அதற்குரிய ஒப்புதலை வாங்குங்கள். சான்றிதழ் எண்ணின் கடைசியில் ‘எக்ஸ்’ இருந்தால் சிறப்பு நிபந்தனை உண்டு என்று பொருள்; அந்தப் பக்கத்தைப் படித்து, நிறுவுகிறவர் கையில் தமிழாக்கிக் கொடுங்கள்.

நல்ல மோட்டாரும் பத்தாண்டுக்குள் ஒருமுறையாவது ரீவைண்டிங்குக்குப் போகும். அங்கேதான் அதன் பாதுகாப்பு தொலைகிறது. பழைய கம்பியைத் தீயிட்டு எடுத்தால் ஸ்டேட்டார் தகடுகளின் காப்புப் பூச்சு கருகும். இழப்பு கூடும், அதே சுமையில் மோட்டார் கூடுதலாகச் சூடேறும், டி4 என்று பொறித்தது டி4 ஆக இருக்காது. மூடி துருவால் இறுகி வராதபோது உளியை விளிம்பில் வைத்து அடிப்பார்கள். ஒரு வெட்டுத் தடம் போதும், தீச்சந்து கெட்டது. லேத்தில் அதைச் சமன் செய்தால் சந்தின் அளவு மாறும். பழுதுபார்ப்புக்கென்றே ஐஎஸ்/ஐஇசி 60079-19 இருக்கிறது. அதன்படி வேலை செய்யும் பட்டறைக்கு மட்டுமே அனுப்புங்கள்.

வடிவமைப்பாளர் இதில் செய்யக்கூடியது நிறைய. இரண்டு எண்ட் ஷீல்டிலும் ஜாக்கிங் போல்ட்டுக்கு மரையிட்ட துளைகள் வையுங்கள், உளியே தேவைப்படாது. டெர்மினல் பாக்ஸ் மூடியின் உட்புறத்தில் ஒரு எஸ்எஸ் தகட்டை ஒட்டி, கம்பி அளவு, சுற்று எண்ணிக்கை, இன்சுலேஷன் வகுப்பு, தண்டுச் சந்தின் குறைந்த, உச்ச இடைவெளி, போல்ட்டின் வலிமை வகுப்பு, பேரிங் எண் ஆகியவற்றைப் பொறியுங்கள். பயன்படாத கேபிள் துளைகளைச் சான்று பெற்ற அடைப்பான் போட்டே அனுப்புங்கள். போகும் வழியில் கழன்று விழும் பிளாஸ்டிக் மூடியோடு அனுப்பாதீர்கள். இரட்டை அழுத்த ஃபிளேம்புரூஃப் கிளாண்டை மோட்டாரோடு சேர்த்தே, கேபிளின் வெளிவிட்டம் கேட்டு, பையில் கட்டிக் கொடுங்கள்.